தெருவில் கூடும் உரிமை
பட்டுநூல் விலையேற்றத்துக்கும் கூலிக் குறைவுக்கும் எதிராகக் குரல் எழுப்ப நினைக்கும் ஆரணி நெசவாளர், அனுமதியின்றி நான்கு பேர் கூடினாலே வழக்கு வரும் என்று அஞ்சும் நிலை இருந்தால், அங்கே சட்டத்தைவிடச் சட்டம் பற்றிய அறியாமையே பெரிய தடையாகிவிடுகிறது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(ஆ) பிரிவு குடிமக்கள் அனைவருக்கும் அளிக்கிறது. பொதுத் தெருவில் கூடுவதை அரசு நெறிப்படுத்தலாமேயன்றி, வரையறையற்ற அதிகாரத்தால் மறுக்க இயலாது என்று 1972-இல் இமத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாவட்டங்களில் காவல்துறை வழக்கமாகக் காட்டும் ஆதாரம் 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30(2) பிரிவு, அதாவது அமைதி குலையும் எனக் கருதப்படும் கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் உரிமம் பெற வேண்டும் என அறிவிப்பு வெளியிடும் அதிகாரம். அந்த அறிவிப்பு ஊரறிய வெளிப்படையாகப் பிறப்பிக்கப்பட வேண்டும் என்றும், சனநாயக எதிர்ப்பை முடக்கும் கருவியாக அது மாறக் கூடாது என்றும் 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியது. ஆகவே அறிவிப்பு நடப்பில் உள்ளதா, எந்தத் தேதி வரை, எந்தப் பகுதிக்கு என்று கேட்பதும், விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கோருவதும் முதல் கடமையாகின்றன. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்து, அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கும் கைகளுக்கு, அதே தெருவில் கோரிக்கை அட்டை ஏந்தவும் உரிமை உண்டு என்பதை நெசவாளர் சங்கங்கள் ஒவ்வொரு தறி வீட்டிலும் சொல்லித் தர வேண்டும்.