கையெழுத்துப் போடுபவர்தான் தலைவரா?

தென்காசியை முன்வைத்து நம் நண்பர்களிடையே சில ஆண்டுகளாகவே ஒரு புளகாங்கிதம் நிலவுகிறது. மத்தளம்பாறையில் 2011இல் ஜோஹோவின் அலுவலகம் வந்தது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பிற்பாடு அந்தப் பக்கத்துக்கே குடிபெயர்ந்தார். கல்லூரிப் பட்டம் இல்லாத கிராமத்துப் பிள்ளைகள் உலகச் சந்தைக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். எல்லாம் உண்மை, மெச்சத்தக்க உண்மை. ஆனால் இதிலிருந்து அடுத்த படிக்கு ஒரு தாவல் தாவுகிறார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மண்ணின் தலைமை பன்னாட்டு வணிகத்தை வென்றுவிட்டதாம். கனடாவிலும் நியூசிலாந்திலும் தொல்குடித் தலைமையை முதுநிலைப் படிப்பாக வைத்திருக்கிறார்களாம். ஆகவே நம் பல்கலைக்கழகங்களும் தென்காசியைப் பாடமாக வைத்து அதைப்போல ஒன்றைத் தொடங்கலாமாம்.

தொடங்கலாம். தொடங்கவேண்டும் என்பதே என் கட்சியும். ஆனால் யாரைத் தொல்குடி என்கிறோம் என்பதை முதலில் பேசிக்கொள்வோம்.

வான்கூவரின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகம் 2012இல் தொல்குடி வணிகத்துக்கும் தலைமைக்குமென ஒரு எம்.பி.ஏ. படிப்பைத் தொடங்கியது. அங்கே தொல்குடி என்பது கவித்துவமான சொல்லன்று. ஒப்பந்தம் போட்டும் போடாமலும் நிலம் பறிக்கப்பட்டவர்களைக் குறிக்கும் சட்டச்சொல். அதைத் தாமிரபரணிப் பாசனத்தில் வயலும், ஊர்நடுவே கோயிலும், வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டாவும் வைத்திருக்கும் நமக்கு நாமே சூட்டிக்கொள்வது ஒருவகைக் களவு. நம் அரசும் இதைத்தான் செய்கிறது. 2007இல் ஐ.நா. பொதுச்சபையில் தொல்குடியினர் உரிமைப் பிரகடனம் வாக்கெடுப்புக்கு வந்தபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. கூடவே, இந்திய மக்கள் அனைவருமே தொல்குடியினர்தாம் என்ற தன் நிலைப்பாட்டையும் பதிவு செய்தது. எல்லோரும் தொல்குடி என்றால் எவருக்கும் தனியுரிமை இல்லை என்று பொருள். டில்லி ராஜதந்திரிகள் செய்ததையே நாம் மண்வாசனை தடவிச் செய்துகொண்டிருக்கிறோம்.

நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு உரியவர்கள் இல்லாமலா போனார்கள்? வாசுதேவநல்லூர் தலையணைப் பக்கம் பளியர் இருக்கிறார்கள். குற்றாலத்திலிருந்து மலைமுகட்டோடு தெற்கே போனால் அகத்தியமலை. அதன் இரு சரிவுகளிலும் காணிகள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு, மயிலாறு, சேர்வலாறு என்று அவர்களுடைய குடியிருப்புகள். தமிழ்நாட்டுப் பழங்குடிகள் அட்டவணையில் காணிக்காரர் என்ற பெயருக்கு நேரே ஒரு விசித்திரம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்திலும், செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்களிலும் இருந்தால் மட்டுமே அவர் பழங்குடி. கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தவை. சமஸ்தானத்தின் பழைய எல்லை இன்றும் ஒரு மனிதன் யார் என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்தக் காணிகளிடமிருந்துதான் உலகத்துக்கு ஒரு பாடம் போயிற்று. பன்னாட்டுப் பல்கலைக்கழகங்களில் வணிகமும் சட்டமும் படிப்பவர்களுக்கு அது தெரியும். அதே மலையின் கிழக்கடிவாரத்தில் இருக்கும் நமக்குத்தான் தெரியாது.

1987 டிசம்பரில் பி. புஷ்பாங்கதன் தலைமையிலான தாவரவியலாளர் குழு ஒன்று கேரளப் பக்கமிருந்து அகத்தியமலை ஏறியது. ஆராய்ச்சியாளர்களுக்கு மூச்சு வாங்குகிறது. வழிகாட்ட வந்த காணி இளைஞர்களோ களைப்பே இல்லாமல் நடக்கிறார்கள். இடையிடையே ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். கேட்டால் முதலில் சொல்லவில்லை. வெளியாருக்குச் சொல்லக்கூடாத விஷயம் அது. வற்புறுத்தலுக்குப் பின் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்று மலையாளத்தில் வழங்கும் செடி அது. பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவில் அதனுடன் அசுவகந்தி முதலியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டு உரிமம். உரிமக் கட்டணம் பத்து லட்சம் ரூபாய், விற்பனையில் இரண்டு சதவீதம் உரிமத்தொகை. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடு. ரியோ மாநாட்டுப் பல்லுயிர் உடன்படிக்கையின் இலட்சியத்தை நடைமுறையில் செய்துகாட்டிய முன்னோடி முயற்சி என்று உலகம் கொண்டாடியது. 2002இல் ஐ.நா.வின் ஈக்வேட்டர் விருதுகூடக் கிடைத்தது.

புஷ்பாங்கதன் நேர்மையான மனிதர் என்றே நினைக்கிறேன். பாதியைக் கொடுக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் அன்று அவரை வற்புறுத்தவில்லை. நம் பல்லுயிர்ச் சட்டமே 2002இல்தான் வந்தது. என் சண்டை அவரோடு அல்ல. அந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தபோது 'தலைமை' என்ற சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதே என் கேள்வி.

காணிகளின் மரபில் ஊருக்குப் பொறுப்பானவர் மூட்டுக்காணி. கூட்டம் கூட்டுபவர் விளிகாணி. மருந்தும் மந்திரமும் அறிந்தவர் பிளாத்தி. அதிகாரம் மூன்று கைகளில் பிரிந்து கிடக்கிறது. மருந்தறிவுக்கு உரியவர் பிளாத்திதான். ஆனால் பணம் வாங்கச் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள் வேண்டுமே? மூட்டுக்காணிக்கு வங்கிக் கணக்கு திறக்க முடியாது. ஆகவே 1997 நவம்பரில் ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. அதற்குப் பிறகே, 1999இல், ஐந்து லட்சத்துச் சொச்சம் ரூபாய் அதன் கைக்கு வந்தது. இதற்கிடையில் 1995இலேயே ஒன்பது பிளாத்திகள் கேரள முதலமைச்சருக்கு எழுதிவிட்டார்கள், எங்கள் அறிவைத் தனியாருக்கு விற்பதை எதிர்க்கிறோம் என்று. ஒரு பஞ்சாயத்துக் காணிகளோடு பேசினார்கள், எங்களோடு பேசவில்லை என்று அடுத்த பஞ்சாயத்துக் காணிகளும் முறையிட்டார்கள். ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து தேவைப்பட்டது. கையெழுத்துப் போடத் தோதான தலைமையை ஒப்பந்தமே உண்டாக்கிக்கொண்டது.

போதாக்குறைக்கு வனத்துறை. காப்புக்காட்டுச் செடியின் இலையைப் பறித்து விற்க அனுமதி இல்லை என்று சிக்கல். பயிரிடும் திட்டமும் அதில் இடறியது. அப்புறம் ஜீவனி என்ற பெயரையே ஓர் அமெரிக்க நிறுவனம் அங்கே தன் வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டது. பன்னாட்டு வணிகம் என்றால் இதுதானே? கிழக்குச் சரிவின் தமிழ்நாட்டுக் காணிகள் இந்தக் கதையில் எங்குமே இல்லை. அறக்கட்டளையின் பெயரே 'கேரளக் காணி'. ஒரே மலை, ஒரே செடி, ஒரே குலம். பங்கு மட்டும் மாநில எல்லையில் நின்றுவிட்டது.

இங்கே இலக்கிய நண்பர்களிடம் ஒரு வார்த்தை. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை நாம் ஆண்டுக்கணக்கில் சிலாகித்து வருகிறோம். டி.கே.சி. காலத்திலிருந்தே சாரலில் நனைந்துவிட்டு அதைப் பேசுவது நமக்கொரு சடங்கு. குறத்தி சிங்கி மலைவளம் சொல்கிறாள், வசந்தவல்லிக்குக் குறி சொல்கிறாள், நாடெல்லாம் சுற்றிப் பெற்ற அணிகலன்களோடு சிங்கனிடம் வந்து சேர்கிறாள். அவளுடைய அறிவுக்கான பரிசில் அவள் காலிலும் கையிலுமே இருக்கிறது. நடுவில் அறக்கட்டளை எதுவுமில்லை. அந்தச் சிங்கியைப் பாடத்திட்டத்தில் வைத்தோம். மலையில் உயிரோடிருக்கும் அவளுடைய உறவுமுறையை வகுப்பறைக்கு வெளியே வைத்தோம். கிழக்கிந்தியக் கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குற்றாலத்தில் சாதிக்காயும் கிராம்பும் இலவங்கமும் பயிரிட்டுப் பார்த்தது. 1830களில் ராபர்ட் வைட் அதே மலைகளில் செடிகள் சேகரித்தார். அவருக்குப் படம் வரைந்த கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே சூட்டினார். ஆகக் குற்றாலத்துக்குப் பன்னாட்டு வணிகம் மத்தளம்பாறையில் வந்து இறங்கிய புதுச்சரக்கு அல்ல. மலையின் அறிவை யார் பெயரில் எழுதுவது என்ற கணக்கு இருநூறு ஆண்டாகத் தீராமல் கிடக்கிறது.

கணக்கு இப்போது மேலும் சிக்கலாகியிருக்கிறது. 2018 டிசம்பரில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம், இந்திய மருந்து நிறுவனங்களும் பயன்பகிர்வுத் தொகை தரவேண்டும் என்று திவ்யா பார்மசி வழக்கில் தீர்ப்பளித்தது. 2023இல் பல்லுயிர்ச் சட்டம் திருத்தப்பட்டது. நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பயன்பகிர்விலிருந்து விலக்கு. எந்த நூல்கள் என்பதற்கு 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் அட்டவணை. ஏட்டில் ஏறிவிட்ட அறிவு நிறுவனத்துக்கு இலவசம். ஏறாத அறிவுக்கோ, அது தன்னுடையது என்று பிளாத்தி நிரூபிக்கவேண்டும். மலையிலிருந்து எத்தனை மருந்துகள் இறங்கி ஏட்டில் ஏறியிருக்கும் என்று சித்த மருத்துவப் பெருமை பேசுபவர்கள் ஒருகணம் யோசிக்கலாம்.

"காணியைப் போய் எம்.பி.ஏ. படிக்கச் சொல்கிறாயே, அது அவர்களுடைய வாழ்வைக் குலைக்காதா?" என்று ஒரு குரல் எழும் என்று தெரியும். இந்தக் குரலுக்குரியவர்கள் பெரும்பாலும் தம் பிள்ளைகளை அதே படிப்புக்குக் கடன் வாங்கி அனுப்பியவர்கள். நியூசிலாந்தின் நைத்தாஹு குலத்தார் 1998இல் அரசோடு செய்த தீர்வில் 17 கோடி டாலர் பெற்றார்கள். 18 ஊர்ச்சபைகளின் பிரதிநிதிகள் கூடிய பேரவை மேலே. வணிகம் செய்யும் நிறுவனம் அதன் கீழே, தனியாக. கணக்கறிவும் சட்ட அறிவும் தம் பிள்ளைகளிடம் இருந்ததால் இப்படிப் பிரிக்கத் தெரிந்தது. தென்னாப்பிரிக்கச் சான் மக்கள் ஹூடியா செடிக்காக 2003இல் பங்கு ஒப்பந்தம் போட்டார்கள். பெரிதாகப் பணம் வரவில்லை. ஆனால் 2017இல் தம்மிடம் ஆராய்ச்சிக்கு வருபவர்களுக்கான நெறிமுறையைத் தாமே எழுதினார்கள். வெளியிலிருந்து வருபவரிடம் என்ன கேட்கவேண்டும் என்று தெரிவதுதான் நான் சொல்லும் படிப்பு.

அதற்கு இடமும் இருக்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல் வந்தது. அதன் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் ஆழ்வார்குறிச்சியில், ஏறக்குறைய மலையடிவாரத்திலேயே இருக்கிறது. மேலாண்மைத் துறை அபிஷேகப்பட்டியில். இரண்டையும் ஒரே பாடத்திட்டத்தில் உட்காரவைக்க ஒரு துணைவேந்தரின் விருப்பம் போதும். முதல் பருவத்தின் முதல் பாடம் ஜீவனி. விற்பனை உத்தி இரண்டாம் ஆண்டுக்குக் காத்திருக்கட்டும். சேர்க்கையில் காணி, பளியர் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லா இடங்கள். ஒரு சதவீத இட ஒதுக்கீட்டைச் சிறு வகுப்பின் இடங்களோடு பெருக்கினால் பூச்சியமே வரும் என்பதால் தனியாக.

யார் நடத்துவது என்ற கேள்விக்கு, தகுதி விதிகள் இடம்கொடுக்காது என்ற பதில் தயாராக இருக்கும். அது பழைய பதில். பட்டம் இல்லாத வல்லுநர்களையும் பேராசிரியராக அமர்த்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. தம் துறையில் 15 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். காரையாற்றில் விசாரித்தால் அதைப்போல மூன்று மடங்கு அனுபவத்தோடு ஆள் கிடைக்கும்.