முப்பது உயிர்கள்

தோற்றுக்கொண்டே இருப்பதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. இந்தக் கோடை விடுமுறையில் அண்ணன் மகன் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய நின்டென்டோ டிஎஸ் கருவி நம் கைக்கு வந்தது. அதில் இருந்த விளையாட்டு 'கான்ட்ரா 4'. முதற்கட்டமான காட்டைக் கடக்க நமக்கு நான்கு நாள்கள் ஆயின. தமிழிலக்கியம் கற்பிக்கும் ஒருவர் நாற்பது வயதைக் கடந்தபின் செய்யத்தக்க செயலா இது என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

தொண்ணூறுகளில் பள்ளியில் படித்தவர்களுக்கு 'கான்ட்ரா' என்ற பெயரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1987இல் வெளியிட்ட விளையாட்டு அது. ஊர் பேர் தெரியாத நகல் கருவிகளின் வழியே நம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குள்ளும் நுழைந்தது. ஒரே ஒரு குண்டு பட்டாலும் உயிர் போய்விடும்; இருப்பதோ மூன்று உயிர்கள். ஆயினும் ஒரு மந்திரம் இருந்தது. மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. தொடக்கத்தில் இவ்வரிசையில் பொத்தான்களை அழுத்தினால் முப்பது உயிர்கள் கிடைக்கும். வாய்பாட்டை மறந்த நண்பர்களுக்கும் இது மறந்ததில்லை. அந்த முப்பதைக் கொண்டு நாம் விளையாட்டை முடித்தோம். முடித்தோமே தவிர, கற்றோம் என்று சொல்ல முடியாது.

மூல விளையாட்டு வெளிவந்து இருபது ஆண்டுகள் கழித்து, 2007இல், அமெரிக்காவின் வேஃபார்வர்ட் நிறுவனம் உருவாக்கியதே இந்தத் தொடர்ச்சி. டிஎஸ் கருவியின் மேலும் கீழுமான இரு திரைகளையும் ஒரே போர்க்களமாக்கியிருக்கிறார்கள். கொக்கிக் கயிற்றை வீசிக் கீழ்த்திரையிலிருந்து மேல்திரைக்குத் தாவலாம். இரண்டு ஆயுதங்களை வைத்துக்கொள்ளலாம். மற்றபடி பழைய சட்டமே: ஒரு குண்டு, ஒரு சாவு. கொடுத்த வாய்ப்புகள் தீர்ந்தால் மீண்டும் முதலிலிருந்து.

முதல் இரு நாள்கள் எரிச்சலே மிஞ்சியது. மூன்றாம் நாள்தான் ஒன்று புரிந்தது. எதிரிகள் கண்மூடித்தனமாகச் சுடுவதில்லை. ஒவ்வொருவனுக்கும் ஓர் இடமும் ஒரு கால இடைவெளியும் உண்டு. நம் விரல்கள் மெதுவானவை என்று எண்ணியிருந்தோம்; உண்மையில் நம் கண்கள்தாம் சோம்பியிருந்தன. அதன்பின் ஒவ்வொரு சாவும் ஏன் நேர்ந்தது என்பதைச் சொல்ல முடிந்தது. பெரும்பாலும் தவறு நம்முடையது.

பெரும்பாலும் என்றுதான் சொல்கிறோம், எப்போதும் அன்று. இரு திரைகளுக்கும் நடுவே கருவியின் மடிப்பு இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் மறைந்து வரும் குண்டைக் காண இயலாது. அங்கே சாவது பாடமன்று, அநீதி. கற்பவரின் கண்ணைக் கூர்மையாக்கும் கடினம் வேறு. கண்ணை மறைக்கும் கடினம் வேறு. இவ்வேறுபாடு வகுப்பறைக்கும் பொருந்தும்.

சென்ற பருவத்தில் ஒரு மாணவர் குறுந்தொகைத் தாளில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தார். எந்தப் பாட்டு பிடித்தது என்று கேட்டோம். "பாட்டு எதுவும் படிக்கல ஐயா, நோட்ஸ்தான் படிச்சேன்" என்றார், சிறிதும் ஒளிக்காமல். அந்தக் குறிப்புகள் நாம் எழுதிக் கொடுத்தவை. திணை, துறை, கூற்று, பொழிப்பு, நயம் என எல்லாம் அதில் இருந்தன. நாம் அவருக்குக் கொடுத்தது முப்பது உயிர்கள். நான்கடிப் பாட்டின் முன் ஒருமுறையேனும் திகைத்து நிற்கும் வாய்ப்பை அவரிடமிருந்து பறித்துவிட்டோம்.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளையிடம் உரையில்லாமல் சங்கப் பாடலை நீட்டுவது கொடுமையல்லவா என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். அருஞ்சொற்பொருளை மறைத்துவிட்டுப் பொருள் கேட்பது, மடிப்புக்குள் குண்டை ஒளிப்பதற்கு ஒப்பானது. அந்தப் பொத்தான் மந்திரத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. 1986இல் 'கிரேடியஸ்' என்ற விளையாட்டை வீட்டுக் கருவிக்கு மாற்றிய கசுஹிசா ஹஷிமொட்டோ, சோதித்துப் பார்க்கையில் அது தமக்கே மிகக் கடினமாக இருந்ததால் அமைத்துக்கொண்ட வழி அது. 2020இல் அவர் மறைந்தபோது உலகெங்கும் விளையாட்டுப் பிரியர்கள் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். துணை தேவைப்படுவது இழிவன்று. ஆனால், பயணமே தேவையில்லை என்று சொல்லும் துணை, துணையாகாது.

ஆகவே வரும் ஆண்டில் ஒன்று செய்யப்போகிறோம். முதலில் பாட்டு, உடன் அருஞ்சொற்பொருள் மட்டும். ஒரு வகுப்பு நேரம் முழுவதும் மாணவர்கள் அதனோடு தனியே இருக்கட்டும், தவறாகவே பொருள் கொள்ளட்டும். உரை மறுநாள் வரும். தேர்ச்சி விழுக்காடு குறையலாம் என்ற அச்சம் நமக்கும் உண்டு.

'கான்ட்ரா 4' இன் இறுதிக் கட்டத்தை இன்னும் கண்டோமில்லை. நேற்றிரவு மூன்றாம் கட்டத்து அருவியில் விழுந்தோம். ஏன் விழுந்தோம் என்பது தெரியும்.