ஒரு ‘ங்க’ சொன்னால் என்ன?

வயதில் மூத்தவரை ‘நீங்க’ என்றும் இளையவரை ‘நீ’ என்றும் சொல்வது தமிழர் வழக்கம். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவதும் அதுதான். ஆனால், மதுரையைச் சுற்றிய பல கிராமங்களில் இந்த இலக்கணம் நம் தெரு முனையில் நின்றுவிடுகிறது. அழகர்கோவில் பக்கத்திலும் இதைக் கேட்கலாம். எழுபது வயதுப் பெரியவரை இருபது வயதுப் பையன் பெயர் சொல்லி ‘வாடா’ என்கிறான். பெரியவர் ‘சொல்லுங்க சாமி’ என்கிறார்.

இதற்காகப் பெரியவர்களைக் குறை சொல்ல மாட்டோம். அது கூலிக்கும் உயிருக்கும் பயந்து பழகிய பேச்சு. கல்லூரிக்குப் போகும் பேரப்பிள்ளைகள் அதை விட்டுவிட்டார்கள். ‘அண்ணே’ என்கிறார்கள், ‘சார்’ என்கிறார்கள். ‘சார்’ என்றால் யாருக்கும் வலிப்பதில்லை. ‘அண்ணே’ என்றால் மட்டும் ‘முறை வச்சுக் கூப்பிடுறியா?’ என்று சிலருக்குக் கோபம் வருகிறது. ‘சாமி’ என்ற சொல் அழகருக்கும் பதினெட்டாம்படிக் கருப்புக்கும் உரியது. களத்துமேட்டில் நிற்பவருக்கு உரியதல்ல.

காகிதத்தில் மொழி மாறித்தான் வந்திருக்கிறது. இழிவுப் பெயர்களுக்குப் பதில் ‘ஆதிதிராவிடர்’ என்றே எழுத வேண்டும் என 1922-ல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து வென்றார் எம்.சி.ராஜா. ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களில் இருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இரண்டுக்கும் இடையே நூறாண்டு. டீக்கடைப் பேச்சு இன்னும் அந்தக் காகிதத்தைப் படிக்கவில்லை.

பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால், சாதிப் பெயரே சொல்லாமல் ஒரு ‘டா’வில் சாதியைச் சொல்லிவிட முடிகிறது. தீர்மானப் புத்தகத்தில் ‘தலைவர் அவர்கள்’ என்று எழுதிவிட்டு, வெளியே வந்ததும் வெறும் பெயரைச் சொல்லி அழைப்பதும் அந்த வகைதான். மேலூர் அருகே மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997-ல் கொல்லப்பட்டதை மறந்துவிட முடியுமா? நம்மில் ஒருவரைத் ‘தலைவர்’ என்று சொல்ல மனம் வராத ஊரில் அந்த நாற்காலியே ஆபத்தாகிறது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அடிமைச் சொல்லை விடுங்கள். அப்பத்தாவின் பேச்சை விட்டுவிடாதீர்கள். வகுப்பில் நம் பேச்சைக் கேட்டுச் சிரித்தால் கூச வேண்டாம். வீட்டிலும் தெருவிலும் பேசும் அதே மொழியில்தான் பாமா ‘கருக்கு’ எழுதினார். 1992-ல் வந்த அந்த நூலைப் பல்கலைக்கழகங்கள் பாடமாக வைத்திருக்கின்றன.

நாம் கேட்பது பெரிதல்ல. ரேஷன் கடையில், நூறு நாள் வேலையில், கிராம சபையில், வயதில் மூத்தவர் யாராக இருந்தாலும் ‘வாங்க, இருங்க’ என்று சொல்லுங்கள். அதற்கு அரசாணை வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் முதலில் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.