பார்த்துக்கொண்டு நிற்பவர்களின் பொறுப்பு

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு நோக்கிச் செல்லும் மின்சார இரயிலில் நம் பகுதிப் பெண்கள் நாள்தோறும் பயணம் செய்கிறார்கள். பொத்தேரியிலும் காட்டாங்குளத்தூரிலும் மாணவியர் இறங்குகிறார்கள். மறைமலைநகருக்கும் பரனூருக்கும் வேலைக்குச் செல்வோர் பயணத்தைத் தொடர்கிறார்கள். இரவில் மகன் வரத் தாமதமானால் எங்கே சுற்றுகிறான் என்று கோபப்படுகிறோம். மகள் தாமதமானால் நெஞ்சு பதறுகிறது. ஒரே பாதை, ஒரே இரயில். ஆனால் ஏன் இந்த வேறுபாடு?

இந்த அச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. 2016 ஜூன் 24 அன்று காலை, மகேந்திரா சிட்டியில் பணிபுரிந்த இளம்பெண் ஒருவர், வேலைக்குச் செல்ல இதே தடத்து இரயிலுக்காக நுங்கம்பாக்கம் நிலையத்தில் காத்திருந்தபோது வெட்டிக் கொல்லப்பட்டார். நடைமேடையில் பயணிகள் இருந்தும் கொலையாளி தப்பிச் சென்றான். அந்நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இல்லாததே அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. 2022 அக்டோபர் 13 அன்று பரங்கிமலை நிலையத்தில் 20 வயதுக் கல்லூரி மாணவி, தன்னைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்த இளைஞனால் ஓடும் இரயில் முன் தள்ளப்பட்டு உயிரிழந்தார். 2024 டிசம்பரில் மகளிர் நீதிமன்றம் அவனுக்குத் தண்டனை வழங்கியது.

இவ்விரு கொலைகளும் இருட்டிலோ ஆளில்லாத இடத்திலோ நடக்கவில்லை. பட்டப்பகலில், மக்கள் நடுவில் நடந்தன. ஆகவே, "இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடு" என்ற அறிவுரை மட்டும் நம் பிள்ளைகளைக் காக்காது. கேமரா குற்றவாளியைக் கண்டுபிடிக்க உதவும். ஓங்கிய கையை அது பிடிக்காது.

இத்தகைய செய்தி வந்ததும் பல வீடுகளில் முதலில் தடைபடுவது மகளின் படிப்பு அல்லது வேலை. டெல்லிப் பல்கலைக்கழக மாணவியரைப் பற்றி ஆய்வு செய்த பொருளியலாளர் கிரிஜா போர்க்கர், பாதுகாப்பான பயண வழிக்காகப் பெண்கள் தரம் குறைந்த கல்லூரியைத் தேர்ந்தெடுக்கவும் முன்வருகிறார்கள் என்று காட்டினார். குற்றம் செய்பவன் ஒருவன். அதற்கான விலையைக் கொடுப்பது பெண்ணின் எதிர்காலம். இது நீதியா?

சட்டம் இந்தச் சுமையைப் பெண்ணின் தலையில் ஏற்றவில்லை. 1998-இல் சென்னையில் எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர் இளைஞர்களின் சீண்டலால் உயிரிழந்தபின், தமிழகத்தில் இதற்கென ஒரு சட்டம் வந்தது. கல்வி நிறுவனம், வழிபாட்டு இடம், திரையரங்கு போன்றவற்றின் பொறுப்பாளர்கள் தங்கள் வளாகத்தில் தொல்லையைத் தடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது அச்சட்டம். பேருந்தில் ஒரு பெண் புகார் செய்தால், வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்திற்கு ஓட்டிச் செல்வது ஓட்டுநர், நடத்துநரின் பொறுப்பு. நம் ஆலய வளாகமும் திருவிழாக் கூட்டமும் இதற்கு விதிவிலக்கல்ல.

எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டு விலகிச் சென்றவர்கள் அவரை அடித்தவர்கள் அல்லர். ஆயினும் ஆண்டவரின் உவமை அவர்களைச் சும்மா விடவில்லை.

நாம் என்ன செய்யலாம்? இரயிலில் ஒரு பெண் சங்கடப்படுவதைக் கண்டால், பக்கத்தில் போய் நின்று "என்னம்மா, ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்கலாம். அந்த ஒரு குரலே பலரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். இரயில்வே உதவி எண் 139-ஐயும் பெண்கள் உதவி எண் 181-ஐயும் கைபேசியில் பதிந்து வைக்கலாம். நிலையத்திலிருந்து வீடு வரும் வழியில் விளக்கு எரியவில்லை என்றால், பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும் சேர்ந்து உள்ளாட்சி அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பெண் 'வேண்டாம்' என்று சொன்னால் அது அவள் உரிமை, தனக்கு நேர்ந்த அவமானம் அல்ல என்பதை நம் மகன்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். மகளுக்குச் சொல்லும் அறிவுரையில் பாதியையாவது மகனுக்குச் சொல்கிறோமா? இன்றிரவே நம் குடும்பங்களில் இதைக் குறித்துப் பேசுவோம்.