ஊசி போட்டவனுக்கு வைத்தியம் கூடாதா?

கோயமுத்தூரில் வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக் கொள்ளும் வாலிபர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், "செய்த பாவம், அனுபவிக்கட்டும்" என்கிறார்கள் நம் பெரிய மனிதர்கள். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிக் குத்திக் கொண்டால் ஹெப்படைடிஸ் சி என்னும் கிருமி இரத்தத்தில் கலந்து, பல வருஷம் சத்தமின்றி ஈரலைத் தின்கிறது. இதில் பாவம் எங்கே வந்தது? 1989-ல் கண்டுபிடிக்கப்பட்ட இக்கிருமிக்குத் தடுப்பூசி கிடையாது; ஆனால் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் 100-க்கு 95 பேருக்குக் குணமாகிறது. 2018 முதல் சர்க்கார் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். அப்படியிருந்தும் போலீசுக்கும் ஊர்வாய்க்கும் பயந்து அவன் ஆஸ்பத்திரிப் படி மிதிப்பதில்லை. தாயோ காமாலைக்கு மந்திரிக்க ஓடுகிறாள். மந்திரக்காரனாவது முகஞ்சுளிக்காமல் உள்ளே விடுகிறான்! போதை மறக்க வைத்தியம் செய்யும் இடத்திலேயே இரத்தத்தையும் சோதித்து மாத்திரை கொடுக்க என்ன தடை என்று கேட்கின்றோம்.