உரமூட்டையைப் படிக்கத் தெரிய வேண்டாமா?

சென்ற சாகுபடியின்போது உரக்கடை ஒன்றில் நின்றிருந்தேன். பத்தாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன் தன் தந்தையுடன் வந்தான். வேளாண்மை அலுவலர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு அவன் கையில் இருந்தது. நெல்லுக்கு இந்த மேலுரத்தில் ஏக்கருக்கு 15 கிலோ தழைச்சத்து இடவும் என்று அதில் எழுதியிருந்தது. "அப்ப யூரியா எவ்வளவுடா வாங்கணும்?" என்று தந்தை கேட்டார். பையன் சீட்டையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏக்கருக்கு ஒரு மூட்டை போடுங்க அண்ணே, போதும்" என்று கடைக்காரர் பேச்சை முடித்துவிட்டார்.

கணக்கு கடினமானதல்ல. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. 15 கிலோ தழைச்சத்துக்கு ஏறக்குறைய 33 கிலோ யூரியா போதும். இப்போது வரும் யூரியா மூட்டை 45 கிலோ. முழு மூட்டையையும் வீசினால் ஏக்கருக்கு 12 கிலோ அதிகம். காசு வீணாவது ஒருபுறம் இருக்கட்டும். தழைச்சத்து மிஞ்சினால் பயிர் கருகருவென்று வளர்ந்து சாயும். புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் தேடி வரும். பிறகு மருந்துக்கு வேறு செலவு.

அந்தப் பையன் சதவீதக் கணக்கை எப்போதோ படித்து முடித்தவன். நைட்ரஜன் என்றால் என்ன என்று அறிவியல் பாடத்திலும் படித்தவன். ஆனால் பாடத்தில் வந்த நைட்ரஜனும் மூட்டையில் உள்ள தழைச்சத்தும் ஒன்றே என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. குற்றம் அவனுடையதல்ல, நம்முடையது.

வீட்டுக்கும் வயலுக்கும் உதவும் இத்தகைய பயிற்சியைப் பள்ளிக்கூடத்தில் தர வேண்டும் என்று சொன்னால் உடனே ஓர் எதிர்ப்பு எழும். அது வெறும் பிடிவாதம் அல்ல, அதற்கு வரலாறு உண்டு. 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. ‘குலக்கல்வித் திட்டம்’ என்று மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954-ல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. உழவன் மகன் உழவனாகவே இருக்க வேண்டும் என்று சொல்லும் எந்தத் திட்டமும் இந்த மண்ணில் மீண்டும் வரக் கூடாது. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

நான் கேட்பது அதுவல்ல. பாட நேரத்தில் ஒரு நிமிடமும் குறைய வேண்டாம். உழவர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் என்று தனியே பிரிக்கவும் வேண்டாம். டாக்டர் மகளும், கூலியாள் மகனும், கடைக்காரர் மகனும் ஒரே பெஞ்சில் அமர்ந்து கற்கட்டும். பிள்ளையை வயலில் கட்டிப் போடுவது நோக்கமல்ல. பிழைப்பில் ஏமாறாதிருக்கக் கற்றுக் கொடுப்பதே நோக்கம்.

மேல்நிலைப் பள்ளியில் வேளாண்மைத் தொழிற்பிரிவு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 1978-ல் பிளஸ் டூ தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது அந்தப் பிரிவை எடுத்தவர்களுக்கு மட்டும். பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் பிள்ளைக்கும், கணக்குப் பிரிவு எடுக்கும் பிள்ளைக்கும் அது எட்டுவதில்லை. ஆகவே எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே எல்லோருக்கும் சில காரியங்கள் தெரிந்துவிட வேண்டும்.

முதலாவது, மேலே சொன்ன உரக்கணக்கு. யூரியாவைப் போலவே டி.ஏ.பி.யையும் படிக்கத் தெரிய வேண்டும். 50 கிலோ மூட்டையில் 9 கிலோ தழைச்சத்து, 23 கிலோ மணிச்சத்து. மூட்டையின் மேலுள்ள 18-46 என்ற எண்களுக்குப் பொருள் அதுவே.

இரண்டாவது, விதை முளைப்புச் சோதனை. நூறு விதைகளை எண்ணி, நனைத்த சாக்கில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, ஈரம் காயாமல் நிழலில் வைத்து, ஒரு வாரம் கழித்து எண்ணினால் போதும். சான்று பெற்ற விதையில் நெல்லுக்கு 80, உளுந்துக்கு 75, நிலக்கடலைக்கு 70 சதவீத முளைப்பாவது இருக்க வேண்டும் என்பது விதி. நாற்றங்கால் சொட்டையான பிறகு கடைக்காரரிடம் சண்டை போடுவதைவிட, விதைப்பதற்கு முன் எண்ணிப் பார்ப்பது மேல். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். வகுப்பறை மூலையும் ஒரு பழைய சாக்கும் போதும்.

மூன்றாவது, பூச்சிமருந்து லேபிள். அதிலுள்ள கட்டத்தின் கீழ்ப்பாதி முக்கோணத்தில் நிறம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றால் பயமில்லை என்று எண்ணுகிறவர்கள் ஊரில் பலர். பச்சையும் நஞ்சுதான், வேகம் குறைவு, அவ்வளவே. நஞ்சு உடலில் ஏறினால் என்ன அறிகுறி, என்ன மாற்று மருந்து என்பது லேபிளிலும் உள்ளிருக்கும் தாளிலும் அச்சிடப்பட்டிருக்கும். மருந்தடித்தவர் மயங்கி விழுந்தால் அந்த லேபிளையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் ஓர் உயிர் பிழைக்கலாம். இதைக் கற்பிக்கக் காலி டப்பாவைக்கூட வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது. கரும்பலகையில் படம் போட்டால் போதும்.

நான்காவது, காகிதமும் வட்டியும். பட்டாவில் பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும் இருக்கும். நாம் பேசுவதோ சென்டிலும் மாவிலும். ஓர் ஏர் என்பது ஏறத்தாழ இரண்டரை சென்ட். பட்டாவில் 0-40.50 என்றிருந்தால் அது ஓர் ஏக்கர். இது தெரியாமல் விற்றவர்களும் உண்டு, வாங்கியவர்களும் உண்டு. அதேபோல் ‘நூற்றுக்கு இரண்டு வட்டி’ என்றால் ஏதோ சிறு தொகை போலக் காதில் விழுகிறது. 50,000 ரூபாய்க்கு அது மாதம் 1,000, ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதாவது 24 சதவீதம். இந்தக் கணக்குப் பெண்பிள்ளைகளுக்கு மிகவும் அவசியம். பணமுடை வந்தால் முதலில் அடகுக்குப் போவது அவர்கள் கழுத்து நகைதான்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏற்கெனவே அவர்கள் தலையில் சுமை அதிகம். ஆகவே புதுப் பாடம் வேண்டாம், புதுப் புத்தகமும் வேண்டாம். இருக்கும் பாடத்தில் உதாரணத்தை மாற்றினால் போதும். சதவீதப் பாடத்தில் உரமூட்டை வரட்டும். வட்டிப் பாடத்தில் நகைக்கடன் வரட்டும். பரப்பளவுப் பாடத்துக்குப் பிள்ளைகள் டேப்பைப் பிடித்துப் பள்ளி மைதானத்தை அளந்து, சதுர அடியை 435.6-ஆல் வகுத்துச் சென்ட் கணக்குச் சொல்லட்டும். தமிழில் கடிதம் எழுதும் பாடத்தில் பட்டா பெயர் மாற்றத்துக்கு மனு எழுதட்டும். ஆண்டுக்கு இரண்டு முறை உதவி வேளாண்மை அலுவலரைப் பள்ளிக்கு அழைத்தால் ஆசிரியருக்கும் துணையாக இருக்கும்.

ஒன்றை மட்டும் கல்வித்துறை உறுதியாகச் செய்ய வேண்டும். பரீட்சையில் கேட்காததை நம் பள்ளிகளில் நடத்துவதில்லை என்பது எல்லோரும் அறிந்த உண்மை. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஆண்டுதோறும் இப்படி ஒரு கேள்வி வந்தால் போதும். மற்றதை ஆசிரியர்களே பார்த்துக்கொள்வார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "நம்மோடு போகட்டும் இந்தக் கஷ்டம், பிள்ளை படித்து வேலைக்குப் போகட்டும்" என்று நீங்கள் நினைப்பதில் தவறில்லை. தாராளமாகப் போகட்டும். வங்கியில் அமர்ந்தாலும் வெளிநாடு சென்றாலும் வட்டிக் கணக்கும் நிலக் கணக்கும் அவனை விடப் போவதில்லை. ஊரில் இருக்கும் நாள் வரையில், கடைக்காரர் சொல்வதை அப்படியே கேட்டுக்கொண்டு நிற்காமல் ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டு, "அப்பா, 33 கிலோ போதும்" என்று சொல்லட்டுமே.