செம்பின் தேவையும் செம்பின் அளவும்

தூத்துக்குடியிலே செம்பைக் குறித்துப் பேசத் தொடங்கும் எவரும் இரு கட்சியாரில் ஒருவராகவே கருதப்படுகின்றனர். "நாட்டிற்குச் செம்பு வேண்டும்; ஆதலின் ஆலை வேண்டும்" என்பர் ஒரு சாரார். "எங்களுக்குத் தூய காற்றும் நீரும் வேண்டும், ஆதலின் ஆலை வேண்டா" என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் கேளாது விட்ட கேள்வியொன்று உண்டு. ஒரு வேலைக்குச் செம்பு எவ்வளவு வேண்டும், அவ்வளவை நிர்ணயிப்பவர் யாவர் என்பதே அது. அக்கேள்வியை நம் மாணவ அன்பர்களின் முன் வைப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

நடந்தவற்றை முதலிற் சுருங்கக் கூறுவோம். ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை 1990களின் பிற்பகுதியில் இவ்வூரில் வேலை தொடங்கி, ஆண்டொன்றுக்கு 4 லட்சம் டன் செம்பு தரும் அளவிற்கு வளர்ந்தது. நாட்டின் செம்பு உற்பத்தியில் மூன்றிலொரு பங்கிற்கும் மேல் ஒரு காலத்தில் இங்கிருந்தே சென்றது. சுற்றுப்புறத்தை மாசுபடுத்தியமைக்காக அவ்வாலை 100 கோடி ரூபாய் ஈடு செலுத்த வேண்டுமென 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018ஆம் ஆண்டு மே மாதம் ஆலையை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது நிகழ்ந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அம்மாதம் 28ஆம் நாள் ஆலையை மூட அரசு ஆணையிட்டது. அவ்வாணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020ஆம் ஆண்டிலும், உச்ச நீதிமன்றம் 2024ஆம் ஆண்டிலும் நிலைநிறுத்தின. அதுவரை சுத்திகரித்த செம்பை ஏற்றுமதி செய்துவந்த நம் நாடு, 2018க்குப் பின் அதனை இறக்குமதி செய்யும் நாடாயிற்று. அஃதாவது, இங்கே நின்ற புகை உலகினின்று நீங்கிவிடவில்லை. அது வேறோர் ஊரிலே எழுகின்றது.

பழைய புண்ணைக் கிளறுதற்காக இதனைக் கூறினேமல்லேம். "தேவை" என்னும் சொல்லை ஏதோ விதியின் கட்டளைபோல நாம் வழங்கி வருகின்றோம். ஆனால் ஒரு பண்டத்திற்கு வேண்டும் செம்பின் அளவு, அப்பண்டத்தை வரைபவருடைய மேசைமீதே பெரிதும் முடிவாகின்றது என்பது எமது துணிபு. இதற்குச் சான்றாக, நம் வீட்டுக் கூரைகளினின்று தொலைக்காட்சிப் பெட்டிக்கு இறங்கி வரும் கோ-ஆக்ஸியல் கேபிளை எடுத்துக்கொள்வோம்.

இக்கேபிளில் கடத்திகள் இரண்டு. நடுவே ஒரு கம்பி. அதனைச் சூழக் குழல் வடிவில் மற்றொரு கடத்தி. இரண்டிற்கும் இடையே காப்புப் பொருள். இரண்டும் ஒரே அச்சினை உடையனவாதலின் இப்பெயர் பெற்றது. ஆங்கில நாட்டு ஆலிவர் ஹெவிசைடு 1880ஆம் ஆண்டில் இவ்வமைப்பிற்குக் காப்புரிமை பெற்றார். பல தொலைபேசி உரையாடல்களை ஒரே வடத்திற் செலுத்தும் முறையை 1929ஆம் ஆண்டில் அமெரிக்கரான எஸ்பென்ஷீடும் ஆஃபலும் வகுத்தனர்.

இக்கேபிளின் கடத்திகளைப் பற்றிய வியப்பான உண்மை யாதெனின், விரைந்து திசைமாறும் மின்னோட்டம் உலோகத்தின் மேற்புறத்திலேயே செல்லும் என்பதாம். நொடிக்கு 50 முறை அலையும் வீட்டு மின்சாரம் செம்பினுள் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் ஆழம்வரை பரவிச் செல்லும். நொடிக்கு 10 லட்சம் முறை அலைவதாயின் அவ்வாழம் 0.066 மில்லிமீட்டராகச் சுருங்கும். இஃது ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமனேயாம். நொடிக்கு 100 கோடி முறையாயின் ஆழம் 0.002 மில்லிமீட்டரே. தொலைக்காட்சி அலைகள் கோடிக்கணக்கில் அலைவன. ஆதலின் அவற்றைத் தாங்கும் கம்பியின் உட்பகுதியிலுள்ள செம்பு, கூலி பெற்று வேலை செய்யாதிருக்கும் ஆளை ஒக்கும். அதனாலன்றோ, ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பருமனுள்ள நடுக்கம்பியை உருக்கினாற் செய்து, அதன்மேல் மெல்லிய செம்புப் போர்வையிடும் வழக்கம் உண்டாயிற்று.

மற்றொன்றும் காண்க. வெளிக்குழலின் பருமன் இவ்வளவென்று முடிவானபின், நடுக்கம்பி எத்துணைப் பருமன் இருத்தல் வேண்டும்? பருக்கப் பருக்க நன்றென்று தோன்றும், அது பிழை. கம்பி மெலிந்தால் அதன் தடை மிகும். மிகப் பருத்தாலோ, இரு கடத்திகளுக்கும் உள்ள இடைவெளி குறுகி, அதே ஆற்றலைச் செலுத்த மிகுந்த மின்னோட்டம் வேண்டியதாகும், இழப்பும் கூடும். இரு கடத்திகளும் செம்பாயின், வெளிக்குழலின் உள்விட்டம் கம்பியின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 3.6 மடங்காக இருக்கும்போதே இழப்பு மிகக் குறைவு. நெடுந்தொலைவுத் தொலைபேசிக்கென உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட கேபிளின் அளவு 2.6 மில்லிமீட்டரும் 9.5 மில்லிமீட்டரும் ஆனமை இக்கணக்கிற்கு இசைந்ததே. கணக்கறியாதவன் செம்பைக் கூட்டிச் செலவையும் இழப்பையும் ஒருங்கே பெருக்குவான் என்பது இதனால் தெற்றென விளங்கும்.

நிற்க. அளவைக் குறைக்கலாமென்றால், எதனையும் எப்படியும் செய்யலாம் என்பதன்று. கடத்திக்குரிய செம்பு மிகத் தூயதாய் இருத்தல் வேண்டும். பதினாயிரத்தில் நாலு பங்கு பாஸ்பரஸ் கலந்தாலும் அதன் கடத்துந்திறன் ஐந்திலொரு பங்கு அளவிற்குக் குன்றிவிடும். மின்னாற் சுத்திகரித்த செம்பை உருக்கி, 8 மில்லிமீட்டர்க் கோலாக வார்த்து, வரவரச் சிறிய துளைகளின் வழியே இழுத்து, இழுப்பினால் விறைத்த கம்பியைக் காய்ச்சி மென்மையாக்குகின்றனர். துளையிட்ட தகட்டிற் பொன்கம்பி இழுக்கும் நம் பொற்கொல்லர் செய்வதும் இதுவே. பின்னர்க் கம்பியின்மேல் நுரைத்த பாலிதீன் போர்த்து, அதன்மேல் வெளிக்கடத்தியைச் சுற்றுகின்றனர். நடுக்கம்பி சிறிது விலகினும் அலை அவ்விடத்தே மோதித் திரும்பும். சிக்கனம் என்பது இத்தகைய நுண்மையை வேண்டுவதேயன்றி, நுண்மையைக் கைவிடுவதன்று.

அன்றியும், செம்புப் போர்வை எல்லா விடத்தும் பொருந்தாது. கூரைமேலுள்ள டிஷ் ஆண்டெனாவின் கருவிக்கு 13 அல்லது 18 வோல்ட் நேர்மின்சாரமும் அதே கேபிளின் வழியே செல்கின்றது. நேர்மின்சாரம் மேற்புறத்தை மட்டும் நாடாது. கம்பி முழுவதையும் வேண்டும். நீண்ட தொலைவாயின் உருக்குக் கம்பியில் வோல்ட் குறைந்து கருவி தடுமாறும். ஆங்கே முழுச் செம்பே தகும். போர்வையிட்ட கம்பியினின்று செம்பைப் பிரித்தெடுத்து மீண்டும் உருக்குவதும் எளிதன்று. தனிச் செம்புக் கம்பியோ எத்தனை முறை உருக்கிச் சுத்தி செய்யினும் தன் குணம் குன்றாது. வரைபவர் இவற்றையும் சீர்தூக்கிப் பார்த்தல் கடன்.

போர்வையிட்ட கம்பியை முழுச் செம்பென்று சொல்லி விற்பாரும் உளர். நம் ஊரார்க்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும். 1973ஆம் ஆண்டில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை விளைவித்தனர். உள்ளே ஒரு மணி, வெளியே சிப்பி படிவித்த மெல்லிய முத்துப் படலம். இதிற் குற்றம் யாதுமில்லை. வளர்ப்பு முத்தை வளர்ப்பு முத்தென்று கூறி விற்பது வாணிகம்; கடலின் இயற்கை முத்தென்று கூறி விற்பது களவு. கம்பிக்கும் நீதி இஃதே.

வரைபவருடைய கை எத்துணை வலியது என்பதற்கு நம் கடலே சான்று. 1981ஆம் ஆண்டில் சென்னைக்கும் பினாங்கிற்கும் இடையே கடலடியில் திறக்கப்பட்ட தொலைபேசி வடம் செம்புக் கடத்திகளையுடைய கோ-ஆக்ஸியல் கேபிள். இருபத்தைந்து ஆண்டு கழித்து, 2006ஆம் ஆண்டில், நம் தூத்துக்குடியினின்று கொழும்பினை அடுத்த கல்கிசைக்குச் சென்ற வடமோ செய்தியைக் கண்ணாடி இழையில் ஒளியாகக் கொண்டு செல்வது. பேச்சுப் பெருகிற்று, அதனைச் சுமக்கும் பணியினின்று செம்பு விலகிற்று. தேவை குறைந்தது மக்கள் நோன்பு நோற்றதனாலன்று. சிலர் அமர்ந்து சிந்தித்ததனாலேயாம்.

ஆதலின் நம் கல்லூரியார்க்கு ஒரு விண்ணப்பம். பௌதிக, இரசாயன சாலைகளில் நம் மாணவர் கடையிற் கிடைக்கும் கேபிள்களை வாங்கி அறுத்துப் பார்க்கட்டும். கம்பியின் தடையை அளக்கட்டும். செம்பை நிறுத்து, உறையில் எழுதியிருப்பதனோடு ஒப்பிடட்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. மின்மோட்டாருக்கும் வீட்டுக் கம்பிக்கும் செம்பு வேண்டாவென்று எவரும் கூறார். ஆயினும் வேண்டாத இடத்தில் இடப்படும் ஒவ்வொரு கிராம் செம்பும் ஏதோ ஓர் ஊரில் ஒரு குழந்தை உட்கொள்ளும் புகையாக எழுகின்றது. அப்புகையின் விலையை இன்னதென்று அறிந்த ஊர் நம்முடையது. எனவே, "எவ்வளவு?" என்னும் கேள்வியை முதலிற் கேட்கும் உரிமையும் கடமையும் இவ்வூர் மாணவருக்கு உண்டு.